சைனஸ் மாத்திரையைக் கீழ வைங்க, கண்ணைக் காட்டுங்க

மூணு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கீங்க, ரெண்டே முக்கா பக்கம் அக்காவுக்கு வந்த கண் நோய் உங்களுக்கும் வருமான்னு ஜீன் பத்தி. ஆனா கடைசிப் பக்கத்துல போற போக்குல ஒரு வரி வருது பாருங்க, ராத்திரி ஹால் லைட்டை அணைச்சிட்டு சீரியல் பாத்துட்டு எந்திரிச்சு வெளிய பாத்தா எதிர் பிளாக் காரிடார் லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுது, வலது புருவத்துக்கு மேல வலிக்குது, சைனஸ்தான்னு ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுத்தா காலையில சரியாப் போயிடுதுன்னு. நான் அந்த வரியை மூணு தடவை படிச்சேன்.

49 வயசு, சின்னப் பிள்ளையிலிருந்தே தூரப் பார்வைக்கு பிளஸ் பவர் கண்ணாடி, திருச்சியில இருக்கிற சொந்த அக்காவுக்கு போன வருஷம் திடீர்னு கண் வலியும் வாந்தியும் வந்து, வயித்துக் கோளாறுன்னு ரெண்டு நாள் வைத்தியம் பாத்து, அப்புறம் அது கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய்னு தெரியறதுக்குள்ள வலது கண் பார்வை பெரும்பகுதி போயிடுச்சு. இதெல்லாம் நீங்களே எழுதினது. எழுதிட்டு ‘எச்சில் துப்பி அனுப்புற டிஎன்ஏ கிட் வாங்கலாமா டாக்டர்’னு கேக்குறீங்க.

வேணாம். அந்தக் காசுக்கு நாலு பேரா நம்ம சிங்கப்பூர் தேக்கா போய் நல்ல பிரியாணி சாப்பிடுங்க.

ஏன்னு சொல்றேன். அக்காவுக்கு வந்தது கண்ணோட வடிகால் மூலை அடைச்சுக்கிற வகை, ஆங்கிள் குளோஷர்னு சொல்லுவோம். நெட்ல நீங்க பாத்துப் பயந்த மயோசிலின் ஜீன், 1997-ல கண்டுபிடிச்சது, அது வேற வகை கிளாக்கோமாவுக்கு, அந்த வகையிலயும் பெரியவங்கள்ல நூத்துக்கு 3, 4 பேர்கிட்டதான் இருக்கும். உங்க அக்காவுக்கு வந்த வகைக்கு சம்பந்தப்பட்ட ஜீன்களை 2012-ல வெளியிட்ட ஆராய்ச்சியில நம்ம சிங்கப்பூர் டாக்டர்கள்தான் முன்னால நின்னாங்க, ப்ளெக்ஹா7, சிஓஎல்11ஏ1 அப்படின்னு பேரு, ஆனா ஒவ்வொண்ணும் ரிஸ்க்கைக் கொஞ்சம்தான் ஏத்தும், அது இருந்தும் சாகுற வரைக்கும் கண் நல்லா இருக்கிறவங்க ஏராளம். கிட்ல ‘இல்லை’ன்னு வந்தா நீங்க நிம்மதியாத் தூங்கிடுவீங்க, அதுதான் எனக்குப் பயம்.

குடும்பத்துல இறங்குறது நோய்ங்கிறதை விட கண்ணோட அமைப்புன்னு சொல்லலாம். அப்பா மூக்கு பிள்ளைக்கு வர்ற மாதிரி, கண் குட்டையா இருக்கிறது, முன்பக்கம் இடம் நெருக்கமா இருக்கிறது. பிளஸ் பவர்காரங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வயசாக ஆக உள்ள இருக்கிற லென்ஸ் தடிக்கும், இருக்கிற இடமும் குறையும், அதனாலதான் 40 தாண்டி வருது, பெண்களுக்கு அதிகமா வருது. இந்த நோய் உள்ளவங்களோட கூடப் பிறந்தவங்களைப் பரிசோதிச்சா கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மூலை குறுகலா இருக்குன்னு இங்கயே ஆய்வு பண்ணிப் பாத்திருக்காங்க. இதுக்கு மேல எச்சில் என்னத்தைச் சொல்லப் போகுது?

இப்ப அந்த வானவில்லுக்கு வருவோம். கண்ணுக்குள்ள எந்நேரமும் தண்ணி மாதிரி ஒரு திரவம் ஊறும், கருவிழி, அதாவது கண்ணோட முன்பக்கக் கண்ணாடி, அதோட ஓரத்துல ஒரு மூலை இருக்கு, அங்க உள்ள சல்லடை வழியா வடியும். இருட்டுல கண்ணு பாப்பா விரியுதுல்ல, அப்ப ஜன்னல் திரையை ஒதுக்கினா ஓரத்துல மடிஞ்சு குவியற மாதிரி பாப்பாவைச் சுத்தி இருக்கிற கலர் திரை, அதான் ஐரிஸ், ஓரத்துல குவியும், மூலை ஏற்கெனவே குறுகலா இருந்தா சல்லடையை மூடிடும். அழுத்தம் ஏறும், கருவிழியில நீர் கோத்துக்கும், அதுல வெளிச்சம் சிதறித்தான் உங்களுக்குக் கலர் கலரா வளையம். தூங்கும்போது பாப்பா சுருங்கும், மூலை திறக்கும், வலி போயிடும். நீங்க என்னடான்னா மாத்திரை கேட்டுச்சுன்னு நினைச்சிட்டீங்க. அப்படியே இருந்தா உங்களைக் காப்பாத்துனது தூக்கம், மாத்திரை இல்ல. இன்னும் சொல்லப் போனா மூக்கடைப்பு, சளிக்கு விக்கிற அந்த மாத்திரைகள் நிறைய பாப்பாவை விரிய வைக்கிற சரக்குதான், மூலை குறுகலா இருக்கிறவங்களுக்கு அது எரியிற அடுப்புல எண்ணெய். பெட்டியிலயே கிளாக்கோமா இருந்தா டாக்டரைக் கேளுங்கன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பான், அதை மட்டும் யாரும் படிக்க மாட்டீங்க, ஆனா வாட்சப்ல பதினெட்டு வீடியோ பாப்பீங்க.

கண்ணாடிக் கடையில கண்ணுல காத்து அடிச்சுப் பாத்தப்ப கண் பிரஷர் 16, நார்மல்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. நார்மலாத்தான் இருக்கும்! பகல்ல, வலி இல்லாதப்ப பாத்தா 16 காட்டும். ராத்திரி அந்த வளையம் தெரியிற நேரத்துல யாரு அளந்தா? முழுசா அடைச்சுக்கிட்டா 40, 50-ன்னு ஏறும், அப்ப சில மணி நேரம்கூட விலை உயர்ந்தது. அதனால கடை நம்பரை மறந்துடுங்க. இந்த வாரமே அரசாங்க பாலிகிளினிக் போய் அக்கா கதையையும் வளையத்தையும் சொல்லி அவசரமா கண் டாக்டருக்கு ரெஃபரல் கேளுங்க, இல்ல நேரா தனியார் கண் டாக்டர்கிட்ட போங்க. கோனியோஸ்கோப்பின்னு ஒரு டெஸ்ட், கண்ணை மரத்துப் போக வச்சு சின்ன லென்ஸ் ஒண்ணை மேல வச்சு மூலையைப் பாப்பாங்க, வலிக்காது. பாப்பாவை விரிக்கிற சொட்டு போடறதுக்கு முன்னாடி இதைப் பாக்கச் சொல்லுங்க. மூலை குறுகல்னா பெரும்பாலும் லேசர்ல ஐரிஸ்ல ஒரு பொட்டு ஓட்டை போடுவாங்க, சில நிமிஷ வேலை, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

அதுக்குள்ள வலி விடாம, கண் சிவந்து, பார்வை மங்கி, குமட்டல் வந்துச்சுன்னா அப்பாயின்மென்ட் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, ஏ அண்ட் இ-க்குப் போங்க. போனதும் கவுண்டர்ல வாந்தின்னு ஆரம்பிக்காதீங்க, ‘கண்ணு வலிக்குது, பார்வை மங்குது, அக்காவுக்கு கிளாக்கோமா’ன்னு ஆரம்பிங்க. உங்க அக்கா விஷயத்துல ரெண்டு நாள் அங்கதான் போச்சு.

மத்தபடி இமை துடிக்கிறது ஒண்ணுமில்ல, காப்பியைக் குறைங்க. அஞ்சு வருஷமா கண்ணு முன்னால கொசு மாதிரி மிதக்குற புள்ளி மிதக்கட்டும், திடீர்னு கூட்டமா வந்தா, கண்ணுக்குள்ள மின்னல் அடிச்ச மாதிரி தெரிஞ்சா மட்டும் உடனே காட்டுங்க. ஃபோன் பாத்ததால கிளாக்கோமா வராது, ஆனா டெஸ்ட் முடியிற வரைக்கும் இருட்டுல உக்காந்து எதையும் பாக்காதீங்க, லைட்டைப் போட்டுக்கிட்டே சீரியல் பாருங்க.

அப்பா அம்மா அத்தை மகன் மாமன் மகள், அதனாலதான் இந்த சாபமான்னு கேட்டிருக்கீங்க, பாவம் அவங்களை விட்டுடுங்க. சொந்தத்துல கட்டினா கூடுறது பிறவியிலயே வர்ற கிளாக்கோமா, குழந்தை கண் பெரிசா, மங்கலா, வெளிச்சத்தைப் பாத்தா கூசுற மாதிரி இருக்கும், சிஒய்பி1பி1 ஜீன் அப்பா, அம்மா ரெண்டு பக்கத்துலேருந்தும் பழுதா வந்தா வர்றது. உங்க வீட்டுக் கதை அது இல்ல. ஜூனியர் காலேஜ் படிக்கிற மகளுக்கும் தேசிய சேவையில இருக்கிற மகனுக்கும் இப்போதைக்கு எதுவும் வேணாம், 40 ஆகும்போது பெரியம்மா கண் கதையைச் சொல்லி மூலையைப் பாக்கச் சொன்னா போதும். உட்லண்ட்ஸ்ல இருக்கிற தம்பிக்கு 45-ன்னு எழுதியிருக்கீங்க, அவரைக் கையோட கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு, நீங்க எழுதாம விட்டது. அக்காவோட இடது கண்ணுக்கு லேசர் போட்டாச்சா? ஒரு கண்ணுல இப்படி வந்தவங்களுக்கு சும்மா விட்டா அஞ்சு வருஷத்துக்குள்ள மத்தக் கண்ணுலயும் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. இன்னிக்கு ராத்திரியே திருச்சிக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க.