ஒரே இரவில் கருகிய உருளைக்கிழங்கு

கேள்வி: மலைச்சரிவில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன், 50 நாள் பயிர். போன வாரம் ஒரே இரவில் கீழ்ப்பகுதி முழுக்க இலை கருகிவிட்டது. மேட்டு வயல்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. உயரே போகப் போகத்தானே குளிர் அதிகம்? காற்றைத் தடுக்க கீழ் ஓரத்தில் அடர்த்தியாக வேலிமரம்கூட வளர்த்திருக்கிறேன். கருகல் நோய் என்று பூஞ்சாண மருந்தும், குளிர் தாங்க ஒரு டானிக்கும் கடையில் கொடுத்தார்கள். எத்தனை முறை அடிக்கலாம்?

பதில்: டானிக்கை ஒரு முறைகூட அடிக்க வேண்டாம். கருகல் நோய் புள்ளியாகத் தொடங்கிப் பரவும். ஈரமான காலையில் இலையின் அடியில் வெண்பூஞ்சை தெரியும். ஒரே இரவில், அதுவும் பள்ளத்தில் மட்டும் கருகினால் அது உறைபனி. இலையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மருந்து எடுத்துக் கொடுப்பவர் விற்பனையாளர், மருத்துவர் அல்ல.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேலியைப் பற்றி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது உண்மைதான். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் அந்தக் கணக்கு உங்கள் வயலில் தலைகீழாகிவிடும். நிலம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்குகிறது. உங்கள் வேலி அதற்கு அணை கட்டியிருக்கிறது. அடிக்கிளைகளைக் கழித்து, ஓரிரண்டு இடத்தில் அகலமாகத் திறந்துவிடுங்கள்.

அப்புறம், நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம்: வயலின் ஆகத் தாழ்ந்த மூலையில், பயிர் உயரத்தில், இரவின் குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வையுங்கள். மேட்டில் இன்னொன்று. தினமும் காலையில் நோட்டில் எழுதுங்கள். வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் அளந்தது. தெளிந்த இரவில் இலை மட்டத்தில் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். அறிக்கை 4 டிகிரி என்று சொன்ன இரவிலும் இலை உறையலாம். ஒரு பருவம் எழுதிப் பார்த்தால் எந்தப் பாத்தியில் எதை எப்போது நடலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டானிக்குக்குச் செலவழிக்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் யோசிக்கிறார்களோ!

பனி வரும் என்று தெரிந்தால் முந்தின நாளே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தை அதிகம் பிடித்துவைக்கும். வரிசைக்கு நடுவே வைக்கோல் மூடாக்கு இருந்தால் அந்த நாட்களில் ஒதுக்கிவிடுங்கள், மண்ணின் சூடு இலைக்கு வராமல் அது தடுக்கிறது. பனி இரவில் இலையைக் காக்க விடும் தெளிப்பு நீரைப் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். ஈரம் ஆவியாகும்போது இலை இன்னும் குளிரும்.

கருகிய செடியைப் பிடுங்காதீர்கள். தண்டு உயிரோடு இருந்தால் பக்கத்தளிர் வரும். அதுவரை யூரியா போடாதீர்கள். அடுத்த பனிக்கு இளந்தளிர்தான் முதலில் போகும்.