வனவர் பதில்கள்: ஓதம் ஏறும் காடு

கேள்வி: பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போனோம். வாய்க்கால் ஓரமெல்லாம் தலைக்கு மேல் மரம். உள்ளே தள்ளிப் பார்த்தால் இடுப்பளவுப் புதர், அதற்கும் பின்னால் வெறும் பொட்டல். எல்லாம் ஒரே சேறு, ஒரே உப்புத் தண்ணீர்தானே?
– வாசகி, சீர்காழி

பதில்: ஒரே தண்ணீர் இல்லைம்மா. ஓரத்தில் நிற்கும் சுரபுன்னைக்குத் தினமும் இரண்டு வேளை ஓதம், அதாவது கடல்தண்ணீர், ஏறி இறங்குகிறது. இறங்கும்போது சேற்றில் படிந்த உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடும். உள்மேட்டுக்கு அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில்தான் தண்ணீர் எட்டும். மற்ற நாளெல்லாம் வெயில்தான். தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? கடல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், கோடையில் அந்த மேட்டுச் சேறு அதைத் தாண்டிவிடும்.

அங்கே வெண்கண்டல்தான் தாக்குப்பிடிக்கும். உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. மழையில்லாத நாளில் ஓர் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். ஆனால் உப்போடு மல்லுக்கட்டவே சத்தெல்லாம் செலவாகிறதே, அப்புறம் உயர்வது எப்படி? அதுவும் முடியாத இடத்தில் உமரி என்கிற உப்புநிலச் செடி மட்டும் படரும். உமரியும் இல்லையென்றால், நீங்கள் பார்த்த பொட்டல்.

கேள்வி: அந்தப் பொட்டலில் மாணவர்களை வைத்து மரம் நட ஆசை. என்ன கன்று வாங்கலாம்?
– ஆசிரியர், சிதம்பரம்

பதில்: கன்றுக்கு முன்னால் மண்வெட்டியை யோசியுங்கள் சார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து அமிழ்ந்து, நடுவில் தொட்டிபோல் பள்ளமானது. ஓதம் உள்ளே வரும், திரும்பிப் போக வழியில்லை. தேங்கிய தண்ணீர் காயக் காய உப்பு ஏறியது. அதில் எந்தக் கன்றை நட்டாலும் கருகத்தான் செய்யும்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் போய்வர ஆரம்பித்ததும் உப்பு கழுவப்பட்டது, கரையோரம் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. கிளை வாய்க்கால் தூர்ந்துபோனால் பழைய கதைதான். ஆகவே உங்கள் மாணவர்களுக்கு வேலை வேண்டுமென்றால், வனத்துறையிடம் கேட்டுத் தூர்வாரும் வேலைக்கு அனுப்புங்கள். போட்டோவுக்கு அழகாக இருக்காது, காட்டுக்கு நல்லது.

வெண்கண்டல் உப்பைத் தாங்கும் என்பதற்காகத் தண்ணீர் வடியாத பள்ளத்தில் நட்டுவிடாதீர்கள். அந்தக் கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றில்லாத சேறு. வெண்கண்டல் பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டுவதே மூச்சுவிடத்தான். அந்த முனைகள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் மரம் செத்துவிடும்.

கேள்வி: சுரபுன்னையில் முருங்கைக்காய்போல் தொங்குகிறதே, அதைக் கொண்டுவந்து வீட்டுத் தொட்டியில் வைத்தால் வளருமா? உப்புப் போட வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: மரத்திலேயே முளைவிட்ட கன்று அது. நல்ல தண்ணீரிலும் வளரும், உப்புப் போடத் தேவையில்லை. உப்பை அது தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது காப்புக்காடு, அங்கே கைவைக்காதீர்கள். படகுக்காரர் சும்மா பறித்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.