ஆட்டுக்குட்டி மூழ்கிப்போன ஜெல்லி குடில்

கேள்வி: அக்கா, எனக்குக் கல்யாணமாகி இது ரெண்டாவது கிறிஸ்துமஸ். எங்க அத்தை வீட்ல முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் அவங்கதான் செய்வாங்க, யாரையும் கிட்ட விட மாட்டாங்க. நான் புதுசா ஏதாவது செய்யலாம்னு ஜெல்லில குடில் செஞ்சேன். கீழ பச்சைக் கலர்ல அன்னாசி ஜெல்லி, அது புல்லு. மேல மில்க்மெய்ட் ஊத்தி வெள்ளையா ஒரு லேயர், அது பனி. ரெண்டுலயும் ஃப்ரெஷ் அன்னாசி பொடிப்பொடியா நறுக்கிப் போட்டேன். ஜெலட்டின் அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன், ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சு. மத்தியானம் 26 பேர் உட்கார்ந்திருக்காங்க, குடில் செட்ல இருந்து ரெண்டு ஆட்டுக்குட்டியை எடுத்து மேல நிக்க வெச்சேன், ரெண்டும் அப்படியே முங்கிப்போச்சு. எங்க கொழுந்தன் "அண்ணி, குடில் கேட்டா நோவா காலத்து வெள்ளத்தைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்களே"ன்னு சொல்லி வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டான். அத்தை ஒரு ஸ்பூன் வாயில வெச்சுட்டு "கசக்குதே"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்க தப்பு பண்ணேன்? நியூ இயருக்கு மறுபடியும் எல்லாரும் வர்றாங்க, செய்யவா வேண்டாமா?
(பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

பதில்: தங்கச்சி, முதல்ல மன்னிச்சுக்கோ, ஆட்டுக்குட்டி முங்கின இடத்துல நான் சிரிச்சுட்டேன். ஆனா கொழுந்தன் சொன்னதுல பாதி சரிதான், அது வெள்ளமேதான், அதை வரவெச்சது நீ இல்ல, அன்னாசி.

உங்க வீட்ல மட்டன் முத்தலா வந்துட்டா என்ன பண்ணுவீங்க? ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைச்சு கறில பிசறி வெப்பீங்கல்ல, கறி பஞ்சா வெந்துரும். பப்பாளிக்காய்ப் பால்ல புரதத்தை வெட்டிப்போடுற ஒரு என்சைம் இருக்கு, அதான் வேலையைப் பார்க்குது. அதே மாதிரி ஒண்ணு பச்சை அன்னாசிலயும் இருக்கு, புரோமெலைன்னு பேரு. நிறைய அன்னாசி சாப்பிட்டா நாக்கு புண்ணான மாதிரி எரியுமே, அதுக்கும் இதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெலட்டின்னா என்ன, மாட்டுத் தோல் எலும்புல இருந்து எடுக்கிற புரதம்தானே. நீ அதைத் தண்ணில ஊறவெச்சு, பக்குவமா உருக்கி, இறுகட்டும்னு வெச்சிருக்க, உள்ள அன்னாசி உட்கார்ந்து ராத்திரி முழுக்க அதைக் கத்தரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நீ ரெண்டு மடங்கு ஜெலட்டின் போட்டிருந்தாலும் விடிஞ்சா தண்ணிதான்.

கசப்பும் அதே கதைதான். பால்லயும் புரதம் இருக்கே, பச்சை அன்னாசி பட்டு கொஞ்ச நேரம் கிடந்தா அதுவும் உடைஞ்சு கசக்க ஆரம்பிச்சுரும். பால் கெட்டுப்போச்சுன்னு அத்தை நினைச்சிருப்பாங்க, அதைப் பக்குவமா எடுத்துச் சொல்லு, ஏன்னா மருமக கெட்டுப்போன பாலை ஊத்தினான்னு ஒரு பேச்சு கிளம்பினா அது அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடும். எனக்குத் தெரியும், நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாத்தான் வந்தேன்.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சுலபம். அன்னாசியை நறுக்கி சர்க்கரை போட்டு ஒரு ஏழெட்டு நிமிஷம் நல்லா கொதிக்க விடு, துண்டுக்கு உள்ள வரைக்கும் சூடு ஏறணும், மேலாக்க காட்டி எடுத்தா பத்தாது. அவ்வளவுதான், அதோட பல்லு போயிரும். டின்ல வர்ற அன்னாசி ஏற்கனவே சூடு பண்ணினது, அப்படியே போடலாம். பப்பாளி, கிவி, பச்சை இஞ்சிச் சாறுக்கும் இதே ஜாக்கிரதை வேணும். மாதுளை, ஆரஞ்சு, திராட்சை எல்லாம் சாது.

ஆனா நான் உன் இடத்துல இருந்தா ஜெலட்டினே வேண்டாம்னுருவேன். நாகர்கோவில்ல டிசம்பர் மத்தியானமும் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஜெலட்டின் 30ஐத் தாண்டினாலே தளர ஆரம்பிச்சுரும், வாயில வெச்சதும் கரையுறதுதான் அதோட ருசியே. 26 பேரு உட்கார்ந்திருக்கிற ஹால்ல, பிரியாணிச் சட்டி பக்கத்துல வெச்சா, அன்னாசி இல்லாட்டியும் உன் ஆட்டுக்குட்டி முழங்கால் வரைக்கும் இறங்கியிருக்கும். சைவம் சாப்பிடுறவங்க யாராவது வந்தா அவங்ககிட்ட சொல்லவும் வேணும்.

கடல்பாசிக்கு மாறிக்கோ. நோன்பு நேரத்துல பாய் வீட்ல இருந்து வருமே ரோஸ் கலர்ல, அதேதான், கடையில சைனா கிராஸ்னு கேட்டா குடுப்பாங்க. இது எங்கயோ சீனால விளையறதுன்னு நினைச்சுக்காத, நம்ம ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பொம்பளைங்க கடல்ல முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசில இருந்தும் எடுக்கிறாங்க. இதுல புரதம் கிடையாது, அதனால அன்னாசியோட கத்தரி இதுகிட்ட செல்லாது. 40 டிகிரிக்குக் கீழ ஆறும்போதே வெளியிலயே இறுகிரும், இறுகினது மறுபடி உருகணும்னா 85 டிகிரி வேணும், எந்த ஹால்லயும் அந்தச் சூடு வராது.

நூல் மாதிரி இருக்கிறது 10 கிராம் பாக்கெட்டுன்னா மொத்தமா ஒரு லிட்டருக்கு எடுத்துக்கோ. அரைமணி நேரம் ஊறவெச்சு, வெறும் தண்ணில ஒரு நூல் கூட கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் கொதிக்க விடு. ஜூஸை அதோட சேர்த்துக் கொதிக்க விடாத, புளிப்போட கொதிச்சா பிடிப்பு குறைஞ்சுரும், அடுப்பை அணைச்சுட்டு ஊத்து. அந்த ஜூஸும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட ஊத்தினா கட்டி கட்டியா திரிஞ்ச மாதிரி ஆயிரும், லேசா சூடு காட்டிட்டு ஊத்து. வெள்ளை லேயருக்கு அன்னாசியே வேண்டாம், முந்திரி போடு.

லேயர் விஷயத்துல நான் பட்ட அவமானத்தையும் சொல்லிடறேன். ஒரு ஆகஸ்ட் 15க்கு எங்க அபார்ட்மெண்ட்ல கொடியேத்தி முடிச்சு எல்லாருக்கும் குடுக்கலாம்னு மூவர்ணக் கடல்பாசி செஞ்சேன், ஒவ்வொரு லேயரும் கல்லா இறுகுற வரைக்கும் பொறுமையா காத்திருந்து அடுத்ததை ஊத்தினேன், பெருமையா கத்தி வெச்சு வெட்டித் தூக்கினா காவி மட்டும் வழுக்கிட்டுப் போய் செக்ரட்டரி அங்கிள் செருப்புகிட்ட விழுந்துச்சு. வெள்ளையும் பச்சையும் தட்டுலயே நிக்குது. யாரும் ஒண்ணும் சொல்லல, அதுதான் ரொம்ப மோசம். கடல்பாசி முழுசா இறுகிட்டா மேல தண்ணி விட்டு வழவழன்னு ஆயிரும், அடுத்த லேயர் ஒட்டாது. விரலால தொட்டா லேசா ஒட்டணும், தட்டை ஆட்டினா ஆடணும், அந்தப் பதத்துல அடுத்ததைச் சூடா, கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு அது மேல மெதுவா ஊத்தணும். நேரம் தவறிடுச்சுன்னா ஃபோர்க்கால லேசா கீறி விட்டுட்டு ஊத்து.

நியூ இயருக்குக் கண்டிப்பா செய். ஆனா பெரிய தட்டுல இறங்கறதுக்கு முன்னாடி, ரெண்டு நாள் முந்தி ரெண்டு டம்ளர்ல மட்டும் மிச்சமிருக்கிற ஜெலட்டினை ஊத்தி, ஒண்ணுல பச்சை அன்னாசி, ஒண்ணுல கொதிக்கவெச்ச அன்னாசி போட்டு ஃப்ரிட்ஜ்ல வை. காலைல கொழுந்தனைக் கூப்பிட்டு ரெண்டையும் கவுக்கச் சொல்லு, அதையும் வீடியோ எடுத்து குரூப்ல போடட்டும். அத்தைகிட்ட போய் விளக்கம் குடுத்துட்டு நிக்காம, முந்திரிக்கொத்துக்குப் பாகு கம்பிப்பதம் எப்படிப் பார்க்கிறதுன்னு கேளு, பதம் தவறி அவங்க கையில உதிர்ந்துபோன வருஷம் ஒண்ணு நிச்சயம் இருக்கும், அதைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்கன்னா உன் ஜெல்லியைப் பத்தி அப்புறம் யாரும் பேச மாட்டாங்க.

ஆட்டுக்குட்டி ரெண்டையும் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு பிரஷ்ஷால தேய், பச்சைத் தண்ணில அந்தப் பிசுபிசுப்பு போகாது. அடுத்த தடவை காலடில ஃபாயில் சுத்தி, தட்டைப் பந்திக்குக் கொண்டுவந்த பிறகு நிக்க வை.