மாக்கல்: எது அசல்?

கேள்வி: சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய கல்சட்டி கன்னங்கரேலென்று இருக்கிறது. நாத்தனார் சேலத்தில் வாங்கியது வெளிர்ப் பச்சை. அதில் நகத்தால் கீறினால் கோடு விழுகிறது, என்னுடையதில் விழவில்லை. எது அசல் மாக்கல்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இரண்டுமே மாக்கல்லாக இருக்கலாம் அம்மா. நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். எண்ணெய் ஏறினால் சாம்பல் நிறக் கல்லும் கறுத்துவிடும்.

மாக்கல் ஒரே கனிமம் அல்ல, பல கனிமங்கள் கலந்த பாறை. அதில் முக்கியமானது டால்க். டால்கம் பவுடருக்குப் பெயர் கொடுத்ததும் இதுதான். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க்குக்கு இடம் 1. நம் நகம் சுமார் 2.5. அதனால் டால்க் மிகுந்த கல்லில் நகம் பதியும். குளோரைட், மேக்னசைட் போன்றவை சேரச் சேரக் கல் இறுகும். பச்சை பெரும்பாலும் குளோரைட்டின் நிறம்.

நிலவியல் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் கையில் யானைமலைப் பக்கத்துக் கல் ஒன்றும் மாக்கல் ஒன்றும் கொடுப்பேன். முதலாவதில் ஆணி வழுக்கிக்கொண்டு போகும். மாக்கல்லைக் கீறினால் வெள்ளைத் தூள் உதிரும். விரலிடுக்கில் தேய்த்தால் அதில் நறநறப்பே இருக்காது. அந்த வழவழப்பைத் தொட்டதும் பிள்ளைகள் முகம் மாறும் பாருங்கள், எனக்கு அது அலுத்ததே இல்லை.

நீங்களும் சட்டியின் அடியில் எண்ணெய் ஏறாத இடமாகப் பார்த்து ஆணியால் லேசாகக் கீறுங்கள். வெள்ளைக் கோடு விழுந்து, தூளும் வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. சமையலுக்கு நான் இறுகிய கல்லைத்தான் சொல்வேன். மெத்தென்ற கல் கரண்டி பட்டே தேய்ந்து போகும்.

கேள்வி: புதுக் கல்சட்டி அடுப்பில் வைத்ததும் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: பழக்காமல் ஏற்றியிருப்பீர்கள். கல்லுக்குள் ஈரம் இருந்து, தீயும் எடுத்த எடுப்பில் பெரிதாக இருந்தால் அடிப்பக்கம் முந்திச் சூடாகிக் கல் பிளக்கும். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் விடுங்கள். கழுவிவிட்டு, ஒரு வாரத்துக்குத் தினமும் வடிகஞ்சி ஊற்றி வையுங்கள். அப்புறம் சிறு தீயில் தண்ணீர் காய்ச்சிப் பழக்கலாம். வெறும் சட்டியை அடுப்பில் காய வைக்கவே கூடாது. வத்தக்குழம்பை முக்கால் பதத்திலேயே இறக்கிவிடுங்கள், மீதிக் கொதிப்பைச் சட்டி பார்த்துக்கொள்ளும். புளிக்குப் பயப்பட வேண்டாம், டால்க் அதில் கரையாது.

கேள்வி: மீனாட்சி அம்மன் கோயில் சிற்பங்கள் மாக்கல்லா?
– மாணவி, மேலூர்

பதில்: இல்லை, கருங்கல். மாக்கல் சிற்பம் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்தில் பேலூர், ஹளேபீடு போய்வா. 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர் எழுப்பிய கோயில்கள். கல் இளகியது என்பதால் சிலைகளின் நகையில் மணி மணியாகச் செதுக்க முடிந்தது. பிரேசிலின் ரியோ நகரில் 1931இல் திறந்த இயேசு சிலையின் மேற்புறமும் சின்னச் சின்ன மாக்கல் ஓடுகள்தான்.

சிந்துவெளி முத்திரைகளில் பெரும்பாலானவையும் டால்க் கல்லே. இளகிய கல்லில் எழுத்தையும் உருவத்தையும் வெட்டி, பிறகு சுட்டார்கள். சூட்டில் டால்க்குக்குள் இருக்கும் நீர் வெளியேறி, அது வேறொரு கனிமமாக மாறி இறுகிவிடும்.