வட்டார நீர் ஆணையம்: கேள்வி பதில்

குடிநீர் வழங்கலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து பொது நீர் ஆணையம் ஒன்றை அமைப்பது பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் குடிநீர் வாரியம் இருக்கும்போது, அதற்கு மேல் இன்னொன்று எதற்கு?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகாஸ் வட்டாரத்தைப் பாருங்கள். கொலராடோ ஆற்றில் நெவாடா மாநிலத்தின் பங்கு வருடத்துக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, சுமார் 37 கோடி கன மீட்டர். அதை முந்தி எடுத்துப் பயன்படுத்தியவருக்கே லாபம் என்ற நிலை இருந்தது. மிச்சம் பிடித்த ஊர் ஏமாளி. 1991-இல் ஏழு அமைப்புகள் கூடித் தெற்கு நெவாடா நீர் ஆணையத்தைத் தொடங்கின. நீரை ஒரே கணக்கில் கொண்டுவந்து, தட்டுப்பாடு வந்தால் குறைப்பை எப்படிப் பகிர்வது என்பதையும் பேசி முடித்தார்கள். வீட்டுப் புல்தரையை எடுப்பவருக்குப் பணம் கொடுக்கும் திட்டமெல்லாம் அப்புறம் வந்ததுதான். நாம் சேமிப்பதைப் பக்கத்து ஊர் இழுத்துக்கொள்ளாது என்று தெரிந்தால்தானே யாருக்கும் சேமிக்க மனம் வரும்?

கடல்நீரைக் குடிநீராக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். மேட்டில் உள்ள ஊருக்கு ஏற்றும் செலவு தனி. கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம்.

எங்களுடையது சின்ன ஊர். பெரிய நகரம் எங்களை விழுங்கிவிடாதா?

நியாயமான பயம். ஊருக்கு ஓர் ஓட்டு என்றால் நகரம் சேராது. நீரின் அளவுக்கேற்ப ஓட்டு என்றால் நீங்கள் சேர மாட்டீர்கள். அன்றாட முடிவுகளுக்கு ஊருக்கு ஓர் ஓட்டு வைக்கலாம். கடன், கட்டணம், புது உறுப்பினர் சேர்ப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் இரண்டு கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும் என்று எழுதுங்கள். விலகுவதற்கான விதியையும் அப்போதே எழுதிவிடுங்கள். சண்டை வந்த பிறகு அதை எழுத முடியாது. நெதர்லாந்தின் நீர் வாரியங்களுக்கு 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வரலாறு உண்டு. யாருக்குப் பயனோ அவர் பணம் கட்டுகிறார், கட்டுகிறவருக்கு முடிவில் குரல் உண்டு. இன்றும் அவை தாமே வரி வசூலிக்கின்றன, அவற்றுக்குத் தனியாகத் தேர்தலும் நடக்கிறது.

முதலில் என்ன அதிகாரம் கேட்டு வாங்க வேண்டும்?

அளக்கும் அதிகாரம். அணை, குழாய் எல்லாம் பிறகு. கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டி நீர் மாவட்டம் என்ற நிலத்தடி நீர் அமைப்பு 1933-இல் உருவானது. கிணற்றிலிருந்து இறைக்கும் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கும் உரிமை 1950-களில்தான் கிடைத்தது. அந்தப் பணத்தில் வெளியிலிருந்து நீரை வாங்கி நிலத்தடியில் ஊற வைத்தார்கள். 2008 முதல் கழிவுநீரையே சுத்திகரித்து உள்ளே செலுத்துகிறார்கள். யார் எவ்வளவு இறைக்கிறார் என்ற கணக்கு இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. மீட்டர் இல்லாமல் ஆணையம் அமைக்காதீர்கள்.

எங்கள் வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை.

பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

சேமிக்கச் சொல்கிறீர்கள். சேமித்தால் கட்டணத்தை ஏற்றுகிறீர்கள். இது என்ன நியாயம்?

கணக்காகவே சொல்கிறேன். மொத்தச் செலவு 100. அதில் 80 கடன் தவணை, சம்பளம், பராமரிப்பு என வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது குறையாது. எல்லோரும் ஐந்தில் ஒரு பங்கு சேமித்தால் வரவு 80-ஆகும். மீதி 20 மட்டும் 16-ஆகக் குறைவதால் செலவு 96-இல் நிற்கும். கட்டணத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றிய பிறகு, முன்பு 100 கட்டியவர் சேமித்திருந்தால் 96 கட்டுவார். அவர் மட்டும் சேமிக்காமல் இருந்தால் கிட்டத்தட்ட 120.

(அவரே மறுபடியும்) நூற்றுக்கு இருபது சேமித்து நான்குதான் லாபமா? ஏமாற்று வேலை.

இன்றைய பில்லை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். சேமிக்காமல் இருந்தால் புது அணையோ ஆலையோ கட்ட வேண்டியிருக்கும். அந்த 80 அப்போது 130-ஆகக்கூட ஆகலாம். கட்டாமல் தவிர்த்த செலவு எந்தப் பில்லிலும் வராது.

(மூன்றாவது முறை) அணை தேவை என்று சொன்னதே உங்களைப் போன்ற பொறியாளர்கள்தானே? அந்தக் கணிப்பே தவறாக இருந்தால்?

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். மக்கள்தொகையை இன்றைய தலா நுகர்வால் பெருக்கி இருபது வருடத் தேவை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலா நுகர்வு குறையும் என்று ஒருமுறைகூடப் போடவில்லை. அதனால், பழைய கணிப்பையும் மீட்டர் காட்டிய உண்மை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருடா வருடம் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மறுபடியும் மீட்டர்தான், மன்னிக்கவும்.

கடல்நீரைக் குடிநீராக்கினால்...

மேலே பாருங்கள்.

ஊர்களுக்குள் தகராறு வந்தால் நீதிமன்றம்தானா?

வழக்கு முடிவதற்குள் கோடை முடிந்துவிடும். ஸ்பெயினில் வலென்சியாவின் நீர் நீதிமன்றம் வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் கூடுகிறது. வாய்க்கால் பாசனக்காரர்களின் பிரதிநிதிகளே நீதிபதிகள், விசாரணை எல்லாம் வாய்மொழி. அதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் தண்ணீர்க் கணக்கு தெரிந்த மூன்று பேர் கொண்ட குழு, முப்பது நாளுக்குள் முடிவு என்ற விதியை நீங்களும் வைக்கலாம். குழுவில் ஒருவர் ஆணையத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவராக இருக்கட்டும்.

கடல்நீர் பற்றிச் சொல்லவே இல்லையே?

இரண்டு முறை சொல்லியாயிற்று. இன்றைக்கு இதோடு நிறுத்துகிறேன்.