கண்ணாடி ஜன்னல்கள்: டிரான்ஸ்பரன்ஸி (பின்னால் இருப்பது ஊடுருவித் தெரிவது) பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. கண் வலிக்கிறது. எப்படி நிறுத்துவது?

செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ். அங்கே ‘டிரான்ஸ்பரன்ஸி எஃபெக்ட்ஸ்’ சுவிட்சை அணைத்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். அக்ஸசிபிலிட்டியின் விஷுவல் எஃபெக்ட்ஸ் பக்கத்திலும் இதே சுவிட்ச்தான் இருக்கிறது.

கேள்வி: முழுசாக அணைக்க மனமில்லை, கொஞ்சம் குறைத்தால் போதும். விண்டோஸ் விஸ்டாவில் இழுத்துக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் இருந்ததே?

இருந்தது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவிலும் 2009-ன் விண்டோஸ் 7-லும் ஜன்னல் ஓரத்தின் நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதை நாமே இழுத்து வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 8-ல் இந்தக் கண்ணாடித் தோற்றத்தையே கழற்றிவிட்டார்கள். விண்டோஸ் 10-ல் கண்ணாடி திரும்பி வந்தது, ஸ்லைடர் வரவில்லை. இன்றுவரை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான்.

டாஸ்க்பாரை மட்டும் இஷ்டம்போல மாற்றித் தரும் சின்ன மென்பொருள்கள் கிடைக்கின்றன. நானும் ஒன்றைப் போட்டேன். ஒரு அப்டேட்டுக்கு மறுநாள் டாஸ்க்பார் வெறும் கறுப்புப் பட்டையாக நின்றது, அன்றே எடுத்துவிட்டேன். அதைவிட, ஒரே நிறமான வால்பேப்பர் வைத்துப் பாருங்கள். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

கேள்வி: லேப்டாப்பில் இந்த எஃபெக்ட் திடீரென்று காணாமல் போகிறது, அப்புறம் தானாக வருகிறது. பழுதா?

பழுது இல்லை. சார்ஜ் குறைந்து பேட்டரி சேவர் வேலை செய்யத் தொடங்கினால் விண்டோஸே இதை அணைத்துவிடும். சார்ஜரைச் செருகினால் திரும்பி வரும்.

ஜன்னலை விட்டு வேறு ஜன்னலைச் சொடுக்கும்போது முதல் ஜன்னலின் மேல்பட்டை வெறும் நிறமாக மாறுவதும் இயல்புதான். அது ‘மைக்கா’ என்ற பூச்சு. வால்பேப்பரின் சாயலை மட்டும் எடுத்துக்கொள்வதால் அதிகம் மின்சாரம் தின்னாது. பின்னால் ஓடுவதை அப்போதைக்கப்போது மங்கலாக்கிக் காட்டும் ‘அக்ரிலிக்’தான் சற்றுச் செலவாளி. மெனுக்களில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: மேக்கில்?

சிஸ்டம் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, டிஸ்ப்ளே, ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்ஸி’. ஆப்பிளுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு: முதலில் கண்ணாடி வரும், பிறகு திட்டு விழும், அதற்கும் பிறகு சுவிட்ச் வரும். 2007-ல் லெப்பர்டின் (மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5) மெனு பாரை ஊடுருவித் தெரியும்படி செய்தார்கள். அதை அணைக்க வழி வந்தது 2008-ன் 10.5.2-ல். 2025-ல் மேக் ஓஎஸ் 26-உடன் வந்த லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்துக்கும் அதே கதை. 26.1-ல்தான் அப்பியரன்ஸ் பக்கத்தில் ‘கிளியர்’, ‘டின்டட்’ என்று தேர்ந்தெடுக்க விட்டார்கள். அணைக்க வேண்டாம், படிக்கும்படி இருந்தால் போதும் என்பவர்களுக்கு ‘டின்டட்’.

கேள்வி: லினக்ஸின் கேடிஈ டெஸ்க்டாப்பில், கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலின் ஒப்பாசிட்டியை (ஊடுருவித் தெரியாத அளவை) 70 சதவீதம் வைத்தேன். எழுத்தும் சேர்ந்து வெளுத்துவிட்டதே?

பலரும் விழும் குழி இது. ஜன்னல் முழுவதையும் மங்கலாக்குவது வேறு, பின்னணியை மட்டும் மங்கலாக்குவது வேறு. கேடிஈ-யின் விண்டோ ரூல்ஸில் (ஒரு ஜன்னலுக்கென வைக்கும் விதிகள்) வைக்கும் ஒப்பாசிட்டி முதல் வகை: எழுத்து, கர்சர், ஸ்க்ரோல்பார் என எல்லாவற்றிலும் 30 சதவீதம் போய்விடும். வெள்ளை வலைப்பக்கம் ஒன்றை அதன் பின்னால் திறந்து வையுங்கள். உங்கள் கட்டளை வரிக்கு நடுவே அந்தப் பக்கத்தின் வரி ஓடும். பூஜ்யமா ஓ-வா என்று குனிந்து பார்ப்பீர்கள்.

அந்த ரூலை நீக்கிவிடுங்கள். கேடிஈ-யின் டெர்மினலான கான்சோலின் புரொஃபைலில் அப்பியரன்ஸ் போய், கலர் ஸ்கீமை எடிட் செய்தால் பின்னணிக்கு மட்டும் தனி டிரான்ஸ்பரன்ஸி ஸ்லைடர் இருக்கும். எழுத்து அப்படியே நிற்கும். நான் அதில் 10 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. விண்டோஸ் டெர்மினலில் இன்னும் சுலபம்: கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்எஃப்சிஈ-யில் (இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்) பேனலை, அதாவது டாஸ்க்பார் போன்ற பட்டையை, மவுஸ் வராதபோது மட்டும் மங்கலாக வைக்க முடியுமா?

முடியும். பேனல் ப்ரிஃபரன்ஸஸில் அப்பியரன்ஸ் பகுதியில் ‘என்டர்’ (மவுஸ் மேலே இருக்கும்போது), ‘லீவ்’ (விலகியபோது) என்று இரண்டு ஒப்பாசிட்டி ஸ்லைடர்கள் உண்டு. ‘லீவ்’ மட்டும் குறையுங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் (ஜன்னல்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து காட்டும் பகுதி) அணைந்திருக்கும்.