செல்லம் கொடுப்பதால் வருவதா ஏ.டி.எச்.டி.?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காருவதில்லை; பென்சிலையும் தண்ணீர் பாட்டிலையும் ஓயாமல் தொலைக்கிறான்; ஆசிரியை கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறான். ஆனால் கைப்பேசியில் விளையாட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசைவதில்லை. ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியை. நான் கொடுத்த செல்லம்தான் காரணம் என்கிறார் மாமியார். எது உண்மை?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில், உங்கள் மீது சுமத்தப்படும் பழியை இறக்கி வையுங்கள். கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு எனப்படும் ஏ.டி.எச்.டி., செல்லம் கொடுப்பதாலோ கண்டிக்காமல் விடுவதாலோ வருவதன்று. இரட்டையர்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், இதில் பரம்பரையின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. அப்பாவோ அம்மாவோ சிறுவயதில் எப்படி இருந்தார்கள் என்று மருத்துவர்கள் துருவிக் கேட்பது இதனால்தான். குறைமாதப் பிறப்பு, பிறப்பு எடைக் குறைவு, கர்ப்ப காலத்தில் புகை அல்லது மது, ஈய நஞ்சு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இனிப்பு தின்பதால் வருகிறது என்பதற்கு ஆதாரமில்லை.

கைப்பேசியைப் பற்றிய உங்கள் ஐயம் மிக நியாயமானது. இக்குழந்தைகளுக்குக் கவனமே இல்லை என்பதில்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைக்கும் ஆற்றல்தான் தளர்ந்திருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் முன்மூளைப் பகுதியில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் செயல்பாடு மாறுபட்டிருக்கிறது. விளையாட்டில் நொடிக்கு நொடி புதிய காட்சியும் உடனடிப் பரிசும் கிடைப்பதால் மனம் அங்கே தானாக நிற்கிறது. வாய்ப்பாட்டில் அது கிடைப்பதில்லை. மூளையின் வெளி அடுக்கான புறணியின் முதிர்ச்சி இக்குழந்தைகளிடம் ஏறத்தாழ 3 ஆண்டுகள் பிந்துவதாக 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, "வேண்டுமென்றே செய்கிறான்" என்று அடிப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடவும் கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அன்றாட வாழ்வைப் பாதித்தால்தான் மருத்துவர்கள் இதை உறுதிசெய்வார்கள். இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பார்வை, செவித்திறன், தைராய்டு, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். குறிப்பாக, மகன் இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா என்று கவனியுங்கள். மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையின் வீக்கத்தால் தூக்கம் கெட்ட குழந்தையும் பகலில் இப்படித்தான் நிலைகொள்ளாமல் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவையோ மனநலப் பிரிவையோ அணுகலாம். 14416 என்ற இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன.

கேள்வி: என் மகள் அமைதியானவள்; குறும்பே இல்லை. ஆனாலும் மதிப்பெண் சரிகிறது. அவளுக்கு இது இருக்குமா?
- வாசகர், மதுரை

பதில்: இருக்கலாம். ஓட்டமும் ஆட்டமும் இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே தென்படும் வகையும் உண்டு. யாருக்கும் தொந்தரவு தராததால் பெண் குழந்தைகளிடம் அது பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அவளுடைய கணக்குத் தாள்களை எடுத்துப் பாருங்கள். முறை தெரிந்தும், கழித்தல் குறியைக் கூட்டலாகப் படித்தோ, பின்பக்கக் கேள்விகளைத் திருப்பிப் பார்க்காமலோ மதிப்பெண்ணை இழந்திருந்தால், அந்தத் தாள்களையே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.